பதக்கத்தின் ஓரம்

சென்ற மாதம் நம் சங்கக் கூட்டத்தில் 'கடல் கடந்த தமிழர்' என்ற தலைப்பில் நடந்த சொற்போரை நண்பர்கள் மறந்திருக்கமாட்டார்கள். முதலாண்டுத் தம்பி ஒருவர் எழுந்து, "சோழன் மட்டுமா கடல் கடந்தான்? சென்னைப் படையின் சிப்பாய்களும் கடல் கடந்து சீனம்வரை சென்று வென்றார்களே! அது நமக்குப் பெருமை இல்லையா?" என்று முழங்கினார். கைதட்டல் ஓயுமுன் வரலாற்றுத் துறை நண்பர் எழுந்தார். "அபின் விற்கப் போன கும்பெனிக்காகக் கூலிக்குச் சுட்டதில் என்ன பெருமை? அந்தப் பக்கத்தையே கிழித்தெறிய வேண்டும்" என்றார். அதற்கும் கைதட்டல். மணி அடித்தது, கூட்டம் கலைந்தது, தேநீர் ஆறியிருந்தது.

இரண்டு பேச்சுக்கும் கைதட்டியவர்களுள் நானும் ஒருத்தி. வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். விடுதிக்குத் திரும்பும் வழியில்தான் ஓர் உண்மை உறைத்தது. பெருமை பேசியவரும் சரி, சிறுமை பேசியவரும் சரி, அந்தச் சிப்பாய்களுள் ஒருவருடைய பெயரைக்கூடச் சொல்லவில்லை. சொல்ல அவர்களுக்குத் தெரியாது. கேட்ட நமக்கும் தெரியாது. பெயர் தெரியாத ஒருவனைப் பற்றி இவ்வளவு உரக்கப் பேச நமக்கு என்ன உரிமை? இந்தக் கேள்வியைத்தான் இக்கட்டுரையில் எழுப்ப விரும்புகிறேன். இப்படி எண்ணும்படி என்னைத் தூண்டியது ஒரு வெள்ளைக்காரனுடைய பதக்கம்.

நான் வேதியியல் மாணவி. பழைய தராசுகளிலும் எடைக்கற்களிலும் எனக்கு ஒரு பைத்தியம் உண்டு. அதற்காகவே ஞாயிற்றுக்கிழமைகளில் நடுக் கொல்கத்தாவின் பழம்பொருள் கடைகளைச் சுற்றுவேன். வாங்கப் பணம் இராது. பார்ப்பதற்குக் காசு கேட்பாரும் இல்லை. கூட்டம் முடிந்த இரண்டாம் ஞாயிறு அப்படி ஒரு கடையில், ஓர் எடைப்பெட்டிக்கு அருகே, பழுப்பேறிய பஞ்சின்மேல் வெள்ளிப் பதக்கம் ஒன்று கிடந்தது. விலை கேட்டேன். விடுதியில் ஓராண்டுச் சாப்பாட்டுக் கட்டணத்தைவிட அதிகம்! கடைக்கார முதியவர் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். "வாங்கத்தான் பணம் வேண்டும், படிக்க வேண்டாம்" என்று சொல்லி ஒரு பூதக்கண்ணாடியை என் கையில் கொடுத்தார்.

பதக்கத்தின் குறுக்களவு 36 மில்லிமீட்டர். ஒரு பக்கம் இளவயது விக்டோரியா அரசியின் தலை. வில்லியம் வயன் என்ற நாணயச் சிற்பி செதுக்கியது. மறுபக்கம் ஈச்சமரம் போன்ற ஒரு மரத்தடியில் போர்க்கருவிகளின் குவியல், நடுவே அரசச் சின்னம் பொறித்த கேடயம், கீழே சீனா என்ற சொல்லும் 1842 என்ற ஆண்டும். மேலே இலத்தீனில் ஒரு வாசகம். படைக்கலத்தைக் காட்டி அமைதியைக் கேட்பது என்பது அதன் பொருள். அமைதியை இப்படியும் கேட்கலாம் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

முதலில் வயன் வரைந்த படம் வேறு. சீனத்தின் டிராகனைப் பிரிட்டனின் சிங்கம் முன்காலால் மிதித்துக்கொண்டிருப்பதாக அவர் வடித்திருந்தார். சீனர் மனம் புண்படும் என்று சொல்லி அதை மாற்றிவிட்டார்கள். நாட்டைப் புண்படுத்தினார்கள், மனத்தைப் புண்படுத்த அஞ்சினார்கள்! மாற்றிய படத்தைவிட மாற்றாத படமே உண்மையைச் சொல்லியிருக்கும் என்பது என் எண்ணம்.

முகங்கள் இரண்டையும் பார்த்துவிட்டுக் கீழே வைக்கப் போனேன். முதியவர் தடுத்து, "ஓரத்தைப் பாருங்கள்" என்றார். நாணயத்தில் பற்கள் இருக்கும் இடத்தில், பதக்கத்தின் விளிம்பைச் சுற்றிச் சின்னஞ்சிறு எழுத்துகள் அழுத்திப் பதிக்கப்பட்டிருந்தன. ஒரு மனிதனுடைய பெயர். அதையடுத்து 'ராயல் மரீன்ஸ்'. அந்தப் பெயரை நான் இங்கே எழுதவில்லை. பதக்கம் விலைபோகும்வரை அச்சில் வெளியிடக் கூடாது என்று கடைக்காரர் கேட்டுக்கொண்டார், வாக்குக் கொடுத்துவிட்டேன்.

மரீன்கள் என்போர் போர்க்கப்பலில் செல்லும் துப்பாக்கி வீரர்கள். பாய்மரம் ஏறி இறங்குவது மாலுமியின் வேலை. கப்பலில் காவல் நிற்பதும், கரையில் இறங்கித் தரைப்படைபோலச் சுடுவதும் மரீனின் வேலை. மாலுமியும் அவர்களை முழுதும் தம்மவராக எண்ணமாட்டான், தரைப்படையானும் எண்ணமாட்டான். தண்ணீருக்கும் தரைக்கும் நடுவே வாழ்ந்தவர்கள். பிறந்த ஊருக்கும் படிக்கும் ஊருக்கும் நடுவே வாழும் நமக்கு அந்த நிலை கொஞ்சம் புரியும்.

அந்தப் பதக்கத்தோடு ஒரு காகித உறையும் இருந்தது. முன்பு அதை வைத்திருந்த ஒருவர் லண்டன் க்யூவில் உள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்திலிருந்து படிகள் வரவழைத்திருக்கிறார். மரீன்களின் சேர்க்கைப் பத்திரங்கள், அங்க அடையாள ஏடுகள், பணிப் பதிவேடுகள் என்று வகைவகையாக அங்கே காக்கிறார்கள். கடை வாசலில் ஒரு முக்காலியைப் போட்டு அமர்ந்து அத்தனையும் படித்தேன்.

தெவன் மாவட்டத்துக் கிராமத்தில் பிறந்த பண்ணைக்கூலி. 1838-ஆம் ஆண்டு, விக்டோரியா பட்டமேறிய மறுவருடம், பிளிமத் பிரிவில் சேர்ந்தான். வயது 19. உயரம் ஐந்தடி ஆறரை அங்குலம். சாம்பல் நிறக் கண், பழுப்பு மயிர். கையெழுத்திட வேண்டிய இடத்தில் ஒரு பெருக்கல் குறி, எழுதத் தெரியாதவன். 'வெல்லஸ்லி' என்ற போர்க்கப்பலில் சீனம் சென்றான். 1840 ஜூலையில் சூசான் தீவு பிடிபட்டபோது அங்கே இருந்தான். பகைவர் குண்டைவிடக் காய்ச்சலும் வயிற்றுக்கடுப்பும் அதிகம் பேரைக் கொன்ற தீவு அது. இவனும் காய்ச்சலில் கிடந்து பிழைத்தான். 1841 மே மாதத்தில் காண்டன் ஆற்றில் இருந்தான். நாடு திரும்பிய பின் குடித்துவிட்டுத் தாமதமாக வந்ததற்காக ஒரு முறை அடைத்து வைத்தார்கள். நன்னடத்தைப் பட்டையும் பிறகு கொடுத்தார்கள். 21 ஆண்டு ஊழியம் முடித்து, 1859-இல் ஓய்வூதியத்தோடு வெளியேறினான்.

அவ்வளவுதான் அவன் கதை. அதில் பேரரசின் கம்பீரம் எதுவும் இல்லை. வயலில் கூலி போதாமல் படையில் சேர்ந்த ஒரு பையன். பெயர் எழுதத் தெரியாத அவனுடைய பெயரை அரசு வெள்ளியில் எழுதி வைத்தது. 180 ஆண்டுகளுக்குப் பின், கடல் கடந்து, வேறு மொழி பேசும் ஒரு பெண் அவனுடைய கண் நிறத்தைத் தெரிந்துகொள்கிறாள். எனக்கு அவன்மேல் ஓர் அன்பே உண்டாகிவிட்டது. உடனே மனம் கேட்டது: அவனுக்குப் பக்கத்தில் நின்ற நம்மவன் கண் என்ன நிறம்?

பக்கத்தில் நம்மவன் நின்றான் என்பது வெறும் பேச்சன்று. 1841 மே மாதக் கடைசியில், ஜெனரல் ஹ்யூ காஃபின் படை காண்டன் நகருக்கு வடக்கே உள்ள குன்றுகளைப் பிடித்துக்கொண்டிருந்தது. நகரைத் தாக்காமல் விட ஆறு மில்லியன் டாலர் மீட்புப்பணம் பேசி முடித்திருந்தார்கள். படையினர் சுற்றுவட்டாரக் கிராமங்களில் சூறையாடினார்கள், கல்லறைகளைத் திறந்தார்கள். பொறுக்க முடியாத உழவர்கள் சான்யுவான்லி என்ற ஊரை மையமாகக் கொண்டு ஆயிரக்கணக்கில் ஈட்டியும் கத்தியும் ஏந்தித் திரண்டார்கள். மே 30 அன்று அவர்களை விரட்டப் போன படைகளுள் 37-ஆவது சென்னைச் சுதேசிக் காலாட்படையும் ஒன்று. சென்னை மாகாணத்துத் தமிழரும் தெலுங்கரும் முஸ்லிம்களும் கலந்து ஊழியம் செய்த படைவரிசையைச் சேர்ந்தது அது.

இடியும் மழையும் பிடித்துக்கொண்டன. வயல்வரப்பு தெரியாத வெள்ளத்தில் 37-ஆவது படையின் ஒரு கம்பெனி தனியாகப் பிரிந்துவிட்டது. துப்பாக்கிகள் நனைந்து ஒன்றும் வெடிக்கவில்லை. சிப்பாய்கள் சதுரமாக அணிவகுத்து, துப்பாக்கி முனைக் கத்திகளையே வேலாக நீட்டிக்கொண்டு மழையில் நின்றார்கள். அவர்களைத் தேடிவர இரண்டு கம்பெனி மரீன்களை அனுப்பினார்கள். மரீன்களின் துப்பாக்கிகள் மழையிலும் வெடித்தன. சிப்பாய்கள் மீண்டார்கள். என் பண்ணைக்கூலி அந்த இரண்டு கம்பெனிகளுள் ஒன்றில் நடந்தானா என்பதைப் பதிவேடு பிரித்துச் சொல்வதில்லை; அந்தப் படையெடுப்பில் இருந்தான் என்பது மட்டும் உறுதி.

ஒரு துப்பாக்கி வெடித்ததும் மற்றொன்று வெடிக்காததும் ஏன் என்பதைச் சொல்லாமல் போனால் என் துறைக்கு நான் துரோகம் செய்தவளாவேன். சிப்பாயின் துப்பாக்கி சக்கிமுக்கிக் கல் வகை. விசையை இழுத்தால் கல் எஃகில் உரசிப் பொறி பறக்கும். பொறி ஒரு திறந்த கிண்ணத்திலுள்ள மருந்தில் விழ வேண்டும். வெடியுப்பு, கரி, கந்தகம் மூன்றும் கலந்த அந்த மருந்து நனைந்தால் சேறு. மரீனின் துப்பாக்கியில் கிண்ணமே கிடையாது. செப்பு மூடி ஒன்றினுள் பாதரச ஃபல்மினேட் கலந்த துளி மருந்து அடைத்திருக்கும். சுத்தி விழுந்த அதிர்ச்சியிலேயே அது வெடிக்கும், பொறி வேண்டாம். தீபாவளிக்குச் சிறுவர் வெடிக்கும் பொட்டுக் கேப்பும் அந்த இனத்ததுதான். மருந்து மட்டும் வேறு. பாதரச ஃபல்மினேட்டை எட்வர்ட் ஹோவர்ட் என்ற வேதியியலார் 1800-இல் விளக்கினார். அதிர்ச்சியால் வெடிக்கும் மருந்தைத் துப்பாக்கியில் பயன்படுத்த அலெக்சாந்தர் ஃபோர்சைத் என்ற பாதிரியார் 1807-இல் உரிமம் பெற்றார். 1834-இல் ஊலிச்சில் இரு வகையிலும் 6,000 முறை சுட்டுப் பார்த்தார்கள். பழைய வகை 13-க்கு 2 முறை ஏமாற்றியது. புதிய வகை 166-க்கு ஒரு முறை. இந்தக் கணக்கு தெரிந்து ஏழாண்டு ஆன பின்னும் அந்தச் சிப்பாய்கள் பழைய துப்பாக்கியோடு மழையில் நின்றார்கள். அறிவியல் கண்டுபிடிப்பு எல்லார் கைக்கும் ஒரே நாளில் வருவதில்லை என்பதற்கு இதைவிட ஈரமான சான்று வேண்டுமா?

இனி, எதற்காக இந்தப் போர் என்ற கேள்விக்கு வருகிறேன். வரலாற்று நண்பர் சொன்னது முற்றிலும் சரி. கும்பெனி தன் தனியுரிமையில் பீகாரிலும் காசி வட்டாரத்திலும் கசகசாச் செடி பயிரிடச் செய்து, அபினைப் பெட்டி பெட்டியாக இதே ஊரில், அன்றைய கல்கத்தாவில், ஏலம் விட்டது. வணிகர்கள் அதை வாங்கிச் சீனத்தில் கள்ளத்தனமாக இறக்கினார்கள். 1839-இல் லின் ட்சேஷூ என்ற சீன அதிகாரி 20,000-க்கு மேற்பட்ட பெட்டிகளைப் பறித்து அழித்தார். அதற்குப் பதிலாக வந்ததே போர். 1842 ஆகஸ்டு 29 அன்று நான்கிங் உடன்படிக்கை. ஹாங்காங் போயிற்று, ஐந்து துறைமுகங்கள் திறந்தன, 21 மில்லியன் டாலர் ஈட்டுத்தொகை வேறு. உடன்படிக்கை கையெழுத்தான 'கார்ன்வாலிஸ்' கப்பலும், என் மரீன் சென்ற 'வெல்லஸ்லி' கப்பலும் பம்பாய்க் கப்பல்தளத்தில் இந்தியத் தச்சர் தேக்கில் கட்டியவை. கப்பல் பம்பாயுடையது, அபின் பீகாருடையது, ஏலம் கல்கத்தாவினுடையது, சிப்பாய் சென்னையிலிருந்து போனவன். பதக்கத்தில் மட்டும் விக்டோரியாவின் தலை!

ஆகவே, "சீனத்தை வென்றோம்" என்று முழங்கிய தம்பியிடம் நான் கேட்பது இது. சான்யுவான்லி இன்று குவாங்சௌ நகரத்தின் ஒரு பகுதி. அங்கே அந்த உழவர்களுக்கு ஓர் அருங்காட்சியகமே இருக்கிறது. நம் கட்டபொம்மனைப் போலவும் மருது சகோதரர்களைப் போலவும் அவர்களைப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறார்கள். அந்தப் பிள்ளைகளின் எதிரே நின்று இந்தப் பெருமையை உங்களால் பேச முடியுமா, தம்பி? முடியாதென்றால் அது பெருமையன்று. நம் வீட்டுக்குள் மட்டும் செல்லும் செல்லாக்காசு.

ஆனால், "பக்கத்தைக் கிழித்தெறி" என்ற நண்பரோடும் நான் உடன்படமாட்டேன். கிழித்தால் யார் மறைகிறார்கள்? ஜெனரல் காஃப் மறையமாட்டார். அவருக்கு வாழ்க்கை வரலாறு உண்டு. மழையில் நின்ற அந்தக் கம்பெனியின் தலைவர் லெப்டினண்டு ஹாட்ஃபீல்டும் மறையமாட்டார். போர் வரலாறுகளில் அவர் பெயர் இருக்கிறது. கூலிக்கார மரீனும் மறையமாட்டான். க்யூவில் ஏடு இருக்கிறது. மறைபவன் சிப்பாய் ஒருவனே. பாதி அழிந்தவனை முழுதும் அழிக்க நாம் ஏன் கை கொடுக்க வேண்டும்?

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். சிப்பாய்க்குப் பதக்கமே தரவில்லை என்பதில்லை. கும்பெனி 1799 ஸ்ரீரங்கப்பட்டணப் போருக்கே சிப்பாய்களுக்குப் பதக்கம் தந்தது. அதில் பெயர் இல்லை. பிரிட்டிஷ் அரசு 1815 வாட்டர்லூப் போருக்குப் பின்தான் கடைநிலை வீரன்வரை பெயர் பொறித்துக் கொடுத்தது. 1842 சீனப் பதக்கமும் மரீனுக்கும் சிப்பாய்க்கும் ஒன்றே. அதே வெள்ளி, அதே அரசி. வேற்றுமை பதக்கத்தில் இல்லை, ஏட்டில் இருக்கிறது. தெவன் பண்ணைக்கூலியின் உயரம், தொழில், குடி, காய்ச்சல் எல்லாம் ஒரு பெட்டியில் காத்திருக்கின்றன. நம் சிப்பாயைத் தேடிப் போனால் அப்படி ஒரு பெட்டி எளிதில் அகப்படுவதில்லை.

இதையெல்லாம் அன்றிரவு தொலைபேசியில் பாட்டியிடம் சொன்னேன். நாங்கள் கரக்பூர் ரயில்வே குடும்பம். பாட்டி மட்டும் வேலூர்ப் பக்கத்துச் சொந்த ஊரை விட்டு வரமாட்டேன் என்று அங்கேயே இருக்கிறார். நான் பேசி முடித்ததும் பாட்டி மிகச் சாதாரணமாக, "எங்கப்பாகிட்ட கூட ஒண்ணு இருந்ததே" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இருபத்துமூன்று வயதுவரை நான் கேள்விப்படாத செய்தி! முதல் உலகப் போரில் பாட்டியின் தகப்பனார் பஸ்ராவுக்குப் போய் வந்திருக்கிறார். "வெள்ளிதான். ஒரு பக்கம் ராஜா தலை. இன்னொரு பக்கம் குதிரைமேல ஒருத்தன், ஒட்டுத்துணி இல்லாம. அதனாலேயே அம்மா அதை வெளியில வைக்கவிட மாட்டாங்க, பானைக்குள்ளேயே கிடக்கும்" என்று சொல்லிச் சிரித்தார்.

பாட்டி பொய் சொல்லவில்லை. 1914 முதல் 1920 வரையிலான போருக்குக் கொடுத்த பிரிட்டிஷ் போர்ப் பதக்கத்தின் பின்புறம் ஆடையற்ற குதிரைவீரன்தான். தொழிற்படைகளைச் சேர்ந்த பலருக்கு அது வெண்கலத்தில் தரப்பட்டது. ஆகவே வெள்ளி என்றால் அவர் துருப்பில் சேர்ந்திருந்தார் என்று ஊகிக்க இடமுண்டு. "ஓரத்துல எழுத்து இருந்ததா பாட்டி?" என்று கேட்டேன். "பொடி எழுத்து இருந்தது. யார் படிச்சா? அக்கா கல்யாணத்துக்குப் பழைய வெள்ளியோட சேர்த்துப் பத்தர்கிட்ட கொடுத்து உருக்கிக் கொலுசு பண்ணிட்டாங்க" என்றார்.

நான் பேசாமல் இருந்தேன். எண், பதவி, பெயர், படைப்பிரிவு என்று நான்கு செய்திகள் அந்த ஓரத்தில் இருந்திருக்கும். நான்கையும் உலைத்தீ தின்றுவிட்டது. வீட்டில் அவரைச் சின்னையா என்றே அழைத்தார்கள். படையில் என்ன பெயர் கொடுத்தார், எந்தப் பிரிவு என்று பாட்டிக்குத் தெரியாது. வெள்ளியின் உருகுநிலை 962 பாகை என்று தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியவள் நான். ஒரு மனிதனுடைய பெயர் எத்தனை பாகையில் உருகும் என்று யாரும் எனக்குக் கற்பிக்கவில்லை.

உருக்கியவர்களை நான் குறை சொல்லமாட்டேன். பெண்ணுக்குக் கொலுசு வேண்டும். வீட்டில் வெள்ளி அதுதான். படிக்கத் தெரியாதவர்களுக்கு ஓர எழுத்து வெறும் கீறல். ஆனால் படிக்கத் தெரிந்தவர்களே வேண்டுமென்று விட்டதும் உண்டு. மெசபொடேமியாவில் இறந்தவர்களுக்காக எழுப்பிய பஸ்ரா நினைவுச்சின்னத்தில், இந்தியப் படையின் அதிகாரிகளுக்குப் பெயர் பொறித்தார்கள். சாதாரண இந்தியச் சிப்பாய்களுக்குப் படைப்பிரிவின் பெயரும் எண்ணிக்கையும் மட்டும். போர்க்கல்லறைகளைக் காக்கும் காமன்வெல்த் ஆணையமே 2021-இல் ஓர் அறிக்கை வெளியிட்டு, முதல் உலகப் போரில் இறந்த ஆப்பிரிக்கர், இந்தியர், எகிப்தியர் முதலியோரில் குறைந்தது 1,16,000 பேர் பெயரால் நினைவுகூரப்படவில்லை அல்லது நினைவுகூரப்படவே இல்லை என்று ஒப்புக்கொண்டு மன்னிப்பும் கேட்டது. நூறாண்டு கழித்துக் கேட்ட மன்னிப்பு! கேட்டதே பெரிது என்று வைத்துக்கொள்வோம். நம் பங்குக்கு நாம் யாரிடம் மன்னிப்புக் கேட்கப் போகிறோம்?

"பெயரை எழுதி வைத்துவிட்டால் அநியாயப் போர் நியாயம் ஆகிவிடுமா?" என்று கேட்பீர்கள். ஆகாது. என் மரீனின் பெயரைப் படித்ததனால் அபின் வணிகம் தூய்மையாகிவிடவில்லை. மாறாக, ஏடு கையில் இருப்பதால்தான் என்னால் கணக்குக் கேட்க முடிகிறது. பசிக்காகச் சேர்ந்தவன் யார், ஆசைக்காக அனுப்பியவன் யார், கல்லறையைத் தோண்டிய இடத்தில் நின்றவர்கள் எவர் எவர் என்று பிரித்துக் கேட்க முடிகிறது. ஆய்வுக்கூடத்தில் ஒரு சோதனை தோற்றுப் போனால் குறிப்பேட்டைக் கிழிப்பதில்லை; தோற்றதையும் தேதியிட்டு எழுதி வைக்கிறோம். வெற்றியை மட்டும் எழுதுபவன் மோசடிக்காரன். தோல்வியைக் கிழிப்பவனும் அவனுக்குத் தம்பிதான். வரலாற்றுக்கும் இந்த ஒழுக்கம் பொருந்தும் என்பது என் துணிபு.

அரசர்களுடைய மெய்க்கீர்த்திகளை நாம் மனப்பாடம் செய்கிறோம். கல்லில் வெட்டியது நிற்கிறது. ஆனால் நம் பாட்டனுக்குப் பாட்டன் பெயர் கேட்டால் எத்தனை பேருக்குத் தெரியும்? இக்கட்டுரையைப் படிக்கும் நண்பர் இப்போதே கண்ணை மூடிச் சொல்லிப் பாருங்கள். நானும் சொல்லிப் பார்த்தேன். மூன்றாம் தலைமுறையில் நின்றுவிட்டது. அவர்கள் எல்லாரும் சிப்பாய்கள் அல்லர். ரயில் தண்டவாளம் போட்டவர், தேயிலைத் தோட்டத்துக்குக் கப்பலேறியவர், இந்த நகரத்தில் தட்டச்சு செய்ய வந்தவர், சமைக்க வந்தவர் என்று பலர். பதக்கம் பெற்றவர்கள் சிலர்; ஏடு பெற வேண்டியவர்கள் எல்லாரும்.

ஆகவே சங்கத்தின் முன் ஒரு வேண்டுகோளை வைக்கிறேன். பொங்கல் விழா மலருக்குச் செலவிடும் பணத்தில் கால்பங்கு போதும். ஒரு தடித்த நோட்டுப் புத்தகம் வாங்குவோம். விடுமுறைக்கு ஊருக்குப் போகும் ஒவ்வொருவரும் வீட்டில் மூத்தவரிடம் உட்கார்ந்து, முன்னோர் ஒருவருடைய பெயர், ஊர், தொழில், எந்த ஆண்டு எங்கே போனார், எதற்காகப் போனார் என்ற ஐந்தையும் கேட்டு எழுதி வருவோம். தெரிந்ததை மட்டும் எழுதுவோம், சோடனை வேண்டாம். நல்லதும் கெட்டதும் சேர்த்து எழுதுவோம். குடித்து அடைபட்டதையும் எழுதலாம். என் மரீனுக்கு அதனால் ஒரு குறையும் வந்துவிடவில்லை. இந்த ஊரில் அறுபது எழுபது ஆண்டாக வாழும் தமிழ்ப் பெரியவர்கள் இருக்கிறார்கள், அவர்களிடமும் போவோம். அடுத்த ஆண்டு இருக்க மாட்டார்கள் என்று சொல்ல நா எழவில்லை. ஆனால் அதுதான் அவசரம்.

வீட்டில் பழைய பதக்கம் இருப்பவர்களுக்கு ஒரு சொல். புளி போட்டுத் தேய்க்காதீர்கள்; பொடி எழுத்து தேய்ந்துவிடும். பூதக்கண்ணாடி கொண்டு ஓரத்தைச் சுற்றிப் படித்து, எண், பதவி, பெயர், பிரிவு நான்கையும் அப்படியே எழுதிக்கொண்டு படமும் எடுத்துவிடுங்கள். அதன்பின் உருக்கினாலும் எனக்கு வருத்தமில்லை. கொலுசும் நல்ல பொருள்தான்.

அந்த நோட்டுப் புத்தகத்தின் முதல் பக்கத்துக்கு என் வரியை எழுதிவிட்டேன். 'சின்னையா. வேலூர்ப் பக்கம். முதல் உலகப் போரில் பஸ்ரா சென்றார். வெள்ளிப் பதக்கம் இருந்தது.' படைப்பெயருக்கும் பிரிவுக்கும் இடம் விட்டிருக்கிறேன். சென்ற வாரம் அந்தக் கடைக்கு மறுபடி போனேன். பதக்கம் இன்னும் விற்கவில்லை. முதியவர் கேட்காமலே பூதக்கண்ணாடியை எடுத்துத் தந்தார்.

இது என் கருத்து. மறுப்பவர்கள் அடுத்த இதழில் எழுதட்டும். எழுதும்போது தங்கள் பாட்டனார் பெயரையும் சேர்த்து எழுதினால் மறுப்பையும் நோட்டுப் புத்தகத்தில் ஒட்டிக்கொள்வேன்.